பத்து மாத ராஜாவும் பதினான்கு நூற்றாண்டுக் குடிகளும்

செஞ்சியைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர், பாறைமேல் பாறையை உருட்டி வைத்தது போன்ற குன்றுகளையும் உச்சியில் தெரியும் மதிலையும் பார்த்து, "தேசிங்கு ராஜா கோட்டை" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லியிருப்பார். மராட்டிய நாட்டிலிருந்து வருபவருக்கு அது சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை. அவர் மகன் ராஜாராம் ஔரங்கசீப்பின் படையை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்த இடம். ஆங்கிலேயர் எழுதியதைப் படித்தவருக்கு அது 'கிழக்கின் ட்ராய்'. 2025 ஜூலை 11க்குப் பிறகு உலகத்தின் கண்ணுக்கு அது 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 கோட்டைகளில் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படித்தாலும் செஞ்சி நாட்டில் யார் வாழ்கிறார்கள், எத்தனை காலமாக வாழ்கிறார்கள் என்பது தெரியவராது. கோட்டை தெரிகிறது, நாடு தெரியவில்லை. தூரதேசம் என்ற ஒன்றைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு வட்டாரம், நமக்கும் உலகத்துக்கும் தூரதேசமாகவே இருந்துவருகிறது. அது ஏன் என்று யோசித்துப் பார்ப்பது செஞ்சிக்கு மட்டுமல்லாமல், நாம் யாரைப் பற்றியும் எப்படி அறிகிறோம் என்பதற்கும் பயன்படும்.

வெளியிலிருந்து வந்தவர்களில் பழைய ஒருவரிடமிருந்து தொடங்கலாம். ஏசுசபைப் பாதிரியார் நிக்கோலாஸ் பிமென்டா 1597இல் செஞ்சிக்கு வந்தார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். ஊரின் அளவைக் கண்டு வியந்த பிமென்டா, லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுகல்லின் எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்ற பொருளில் எழுதினார். அவர் கையில் இருந்த அளவுகோல் லிஸ்பன். அதை வைத்து அளந்தார். பின்னால் வந்த ஆங்கிலேயர் கையில் ஹோமர் இருந்தார். பல ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கிய கோட்டை என்றதும் ட்ராய் அவர்கள் நினைவுக்கு வந்தது. பிஜப்பூர் சுல்தானின் படை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டையைப் பிடித்தபோது அதற்குப் பாத்ஷாபாத் என்று பெயர் வைத்தது. 1698இல் பிடித்த முகலாயர் நஸரத்கட் என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் தாங்கள் கொண்டுவந்ததை இங்கே இறக்கிவைத்தார்கள்.

இதில் பிமென்டாவிடம் நான் நன்றியோடு இருக்கிறேன். அவர் ஒப்பிட்ட விதம் அவருடையது என்றாலும், அந்த ஒப்பீட்டில் ஒரு தகவல் இருக்கிறது: இங்கே ஒரு பெரிய நகரம் இருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதிலுக்குள் கடைத்தெரு, தானியக் களஞ்சியம், குளம், கோயில், குதிரை லாயம் எல்லாம் வைத்து வாழ்ந்த ஜனங்கள் இருந்தார்கள். இன்று அதே மதிலுக்குள் நெல் விளைகிறது. சுற்றுலாவுக்கு வருபவர் கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார். நகரம் போய்க் கோட்டை மட்டும் மிஞ்சியதால், சண்டை மட்டுமே இந்த மண்ணின் வரலாறு என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

மிஞ்சியதிலும் ஒரு பகுதி வேறிடத்தில் நிற்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் இருக்கின்றன. அடி முதல் முடி வரை சிற்ப வேலை செய்த தூண்கள். மாலையில் அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர் யார்? அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்துப் பதினொரு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அந்த உறவில் புதுச்சேரிக்குப் போன தூண்களை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலையைச் சுற்றி நட்டார்கள். டூப்ளே போய்க் காந்தி வந்தார். தூண்கள் மாறவில்லை. அருகில் போய்ப் பார்த்தால் கோயில் மண்டபத்தில் நிற்க வேண்டிய கற்கள் அவை என்று கண்ணுக்கே தெரியும். மேலே தாங்குவதற்குக் கூரை இல்லாமல் நிற்கின்றன. ஒரு நாட்டைப் பற்றி வெளியார் அறிவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெயர்த்து எடுத்துப் போவது அழகானதாகவே இருக்கும். எதைத் தாங்கி நின்றது என்பது மட்டும் கூடப் போவதில்லை.

1761ஆம் ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசம் போயின. அதே ஆண்டில் பாரிஸில் வேறொரு காரியம் நடந்தது. இந்தியாவின் பழைய வேதம் என்று நம்பி, 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியைச் சிந்தனையாளர் வால்டேர் பிரெஞ்சு மன்னரின் நூலகத்துக்குக் கொடுத்தார். கிறிஸ்தவத்துக்கு மிகவும் முற்பட்ட, விக்கிரகங்கள் இல்லாத, ஒரே கடவுளைப் பேசும் ஞானம் கிழக்கில் இருந்தது என்று காட்ட அவருக்கு ஒரு நூல் தேவைப்பட்டது. தேவைப்பட்ட நூல் கைக்கு வந்ததும் அவர் சந்தேகப்படவில்லை. 1778இல் அது அச்சேறியது. அது பாதிரிமார் எழுதிய நூல் என்று பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இலேயே எழுதினார். சென்னையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எல்லிஸ், புதுச்சேரியில் கிடைத்த மூலப்பிரதிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1822இல் வெளிவந்தபோது விஷயம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. செஞ்சியிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் இருந்த மிஷன் வீட்டின் சரக்கு, அரை நூற்றாண்டுக்கும் மேல் ஐரோப்பாவில் இந்தியாவின் குரலாக உலவியது.

வால்டேர் அறிவில் குறைந்தவர் அல்லர். அவருடைய தவறு அறியாமையில் பிறந்ததும் அல்ல, ஆசையில் பிறந்தது. தூரத்து நாட்டைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எதைத் தேடி வந்தோமோ அது கிடைத்துவிட்டால் கேள்வி நின்றுவிடுகிறது. வெளிநாட்டாருக்கு மட்டும் உரிய குணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம்மிடமும் அது இருக்கிறது. தேசிங்கு ராஜாவை எடுத்துக்கொள்வோம்.

*

ஔரங்கசீப்பின் படையோடு வந்த புந்தேலா ராஜபுத்திரர்களில் ஒருவர் சொரூப்சிங். 1700இல் அவர் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவரானார். அவர் இறந்தபின் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். கட்ட வேண்டிய பணப் பாக்கியைக் காரணம் காட்டி ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்தார். 1714 அக்டோபரில் தேஜ்சிங் போரில் இறந்தார். அப்போது அவருக்கு இருபது வயதைச் சற்றே கடந்திருந்தது. ஆண்டது சுமார் பத்து மாதம். அவரோடு தோழன் மகபத் கானும் இறந்தார். தேஜ்சிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள்.

இந்தப் பத்து மாதத்தைத் தமிழ் மக்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தேஜ்சிங் தேசிங்கு ஆனார். நீலவேணி என்ற குதிரை வந்தது. கல்யாணக் கோலத்தில் இருந்த முகமதியத் தோழன் சேதி கேட்டதும் எழுந்து போருக்கு வந்தான். போருக்கு முன் தேசிங்கு சிங்கவரம் அரங்கநாதரிடம் விடை கேட்டதாகவும், போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை வளர்ந்தது. இன்றும் சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் முகத்தைக் காட்டி அர்ச்சகர் அதைச் சொல்கிறார். தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் சினிமாவிலும் தேசிங்கு வந்தார்.

இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, பெருமைதான். இந்தி பேசும் புந்தேல்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இளைஞன் இந்த மண்ணில் விழுந்தான் என்பதற்காக அவனைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொண்ட ஜனங்கள் பெரிய மனசுக்காரர்கள். அவனுடைய இஸ்லாமியத் தோழனையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அவன் எந்த ஊர், எந்த மொழி, எப்போது வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டே பிறந்திருக்காது.

அதே செஞ்சி நாட்டில் இந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக எதிர்கொள்ளும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

*

செஞ்சி நகரத்துக்குச் சற்று வடக்கே, சிங்கவரம் போகும் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பெரிய பாறை ஒன்றின் முகத்தில் சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவு, ஒரே இருப்பு. கீழே நின்று பார்த்தால் முதலில் எல்லா முகமும் ஒன்றுபோலத் தோன்றும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு உருவத்தின் இருபுறமும் சாமரம் வீசுகிறவர்கள் தெரிய ஆரம்பிப்பார்கள். அதே குன்றில் இன்னொரு பாறையில் ஒரு சிறு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த இடம் இது என்று அது சொல்கிறது. எழுத்தமைதியை வைத்து ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். தமிழ் எழுத்து எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவர்கள் இந்தக் கல்லைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 'ஐ' எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த எழுத்தில் தொடங்குவது ஒரு மனிதர் சாப்பிடாமல் இருந்த நாட்களின் கணக்கு.

சந்திரநந்தியின் சமயம் கல்லோடு முடிந்துவிடவில்லை. செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் அது. மடத்தின் தலைவரான பட்டாரகர் அங்கே இருக்கிறார், பார்சுவநாதர் கோயில் இருக்கிறது, தேர் ஓடுகிறது. வீடூர், பெருமண்டூர், விழுக்கம் என்று செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரங்களில் ஊர் ஊராகச் சமணக் குடும்பங்கள் உண்டு. நயினார் என்பது அவர்களில் பலருக்குப் பட்டப்பெயர். பெரும்பாலும் உழவர்கள். நெல்லும் மணிலாவும் போடுகிறார்கள், ஏரித் தண்ணீருக்கு மற்றவர்களோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ், கோயிலில் பாடுவதும் தமிழ். நோன்பு பிடிக்கும் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தீபாவளி அவர்களுக்கு மகாவீரர் முக்தி அடைந்த நாள்.

இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கவோ வேலைக்கோ சென்னைக்கு வரும்போது, சமணர் என்று சொன்னவுடன் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "சேட்டா நீங்க?" "தமிழ் இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே!" "உங்க தாத்தா காலத்துல ராஜஸ்தான்லேருந்து வந்தாங்களா?" கேட்பவர் யாரும் கெட்டவர் இல்லை. சமணர் என்றால் சவுகார்பேட்டையில் கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வட இந்தியச் சமணர்கள் பெரும்பாலும் சுவேதாம்பரர், வணிகர். தமிழ்ச் சமணர் திகம்பரர், குடியானவர். முதல்வகையினர் நகரத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள். இரண்டாம் வகையினர் ஊரில் இருப்பதால் அவர்கள் இருப்பதே தெரிவதில்லை.

கேட்பவர் பள்ளியில் நன்னூல் படித்திருப்பார். எழுதியவர் பவணந்தி முனிவர், சமணர். யாப்பருங்கலக்காரிகை தந்த அமிதசாகரர் சமணர். சீவகசிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் சமணர். நாலடியார் சமண முனிவர்களின் தொகுப்பு. தன் மொழிக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தவர்களின் வழிவந்த ஒருவரைப் பார்த்து, தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே என்று பாராட்டும் நிலையில் நம் கல்வி நம்மைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. பாடநூல்களில் சமணம் இறந்தகாலத்திலேயே வரும்: சமணர்கள் வாழ்ந்தார்கள், எழுதினார்கள், கழுவேறினார்கள். வாழ்கிறார்கள் என்ற ஒரு வரி சேர்த்திருந்தால் ஒரு தலைமுறையே வேறுமாதிரி கேட்டிருக்கும்.

துன்பப்பட்ட கதையும் அவர்களிடம் இருக்கிறது. செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கரின் கோபத்துக்கு ஆளாகிப் பல சமணர்கள் உயிரிழந்தார்கள், பலர் திருநீறு பூசித் தப்பினார்கள், ஒருவர் உடையார்பாளையம் வரை ஓடிப் பிழைத்துப் பின்னாளில் சமயத்தை மறுபடி நிலைநிறுத்தினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கெசட்டியரிலும் இந்தக் கதை ஏறியிருக்கிறது. அப்படித் திருநீறு பூசியவர்களின் வழியினரே நீறுபூசி வேளாளர் என்கிறார்கள். தேசிங்கின் கதையைப் போல இதுவும் மக்கள் மனத்தில் வளர்ந்த கதைதான். ஆனால் தேசிங்கின் கதை தெருவில் பாடப்பட்டது. இந்தக் கதை வீட்டுக்குள் சொல்லப்பட்டது. வெளியார் காதில் விழுவது தெருவில் பாடுவது மட்டும்தான்.

*

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில், வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த சீயமங்கலம் இருக்கிறது. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த முதலாம் மகேந்திரவர்மன், இங்கேயும் பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில் எடுத்தான். அவன் வைத்த பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம். ஊரார் சொல்வது தூணாண்டார் கோயில். பிற்காலத்தில் முன்னால் மண்டபங்கள் சேர்ந்துவிட்டதால், உள்ளே போகப் போகத்தான் பல்லவன் குடைந்த முகப்பு கண்ணுக்குக் கிடைக்கும். தூண்களின் அடியில் சிங்கங்கள், இரண்டு கோடியிலும் காவல் வீரர்கள். அவசரமாகப் பார்ப்பவர் இதோடு திரும்பிவிடுவார்.

அரைத்தூணின் மேற்பகுதியை அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிறிய சதுரத்துக்குள் சிவன் ஆடுகிறார். ஒரு கால் தூக்கியிருக்கிறது, ஒரு கை குறுக்கே வீசியிருக்கிறது. பக்கத்தில் பாம்பு படமெடுக்கிறது, பூதகணம் ஆட்டத்துக்குத் துணை நிற்கிறது. சுற்றிலும் தீச்சுடர் வட்டம் இல்லை. காலடியில் முயலகன் இல்லை. தமிழகத்தில் கல்லில் கிடைக்கும் ஆடவல்லான் உருவங்களில் மிகப் பழையது இது என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத ஒரு சிற்பி இந்த ஊர்ப் பாறையில் அந்தக் காலைத் தூக்கிவைத்தார்.

இந்த உருவத்தின் பின்னாளைய வாழ்க்கை எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நடராசரின் நிழற்படங்களைப் பார்த்து எழுதினார். யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்த ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியிட்ட நூலுக்குச் சிவ நடனத்தையே தலைப்பாக வைத்தார். 2004இல் இந்திய அரசு தந்த நடராசர் சிலை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. அணுத்துகள்களின் ஆட்டம் என்று அதற்கு அறிவியலாளர்கள் பொருள் கண்டார்கள். அழிவின் தெய்வத்தை ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பயந்தவர்களும் மேல்நாட்டில் உண்டு. பாராட்டியவர், பயந்தவர் இருவருமே ஒரு கருத்தைப் பார்த்தார்கள். சீயமங்கலத்தில் பார்ப்பவருக்குக் கருத்துக்கு முன்னால் ஓர் ஆட்டம் தெரிகிறது: தாளத்துக்கு ஆள் இருக்கிறது, ஆடுபவர் முழங்காலை மடக்கித் தூக்குகிறார். ஆடத் தெரிந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஓர் ஊரில் மட்டுமே இது செதுக்கப்பட்டிருக்க முடியும்.

இதே குன்றில் இன்னொரு பக்கம் போனால் பார்சுவநாதரும் பாகுபலியும் பாறையில் இருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்தில் இங்கே சமணப் பணிகள் நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மகேந்திரவர்மன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறிச் சமணப் பள்ளிகளை இடித்தான் என்ற வரலாற்றைப் படித்துவிட்டு வருபவருக்கு இந்தக் குன்று எளிதில் புரியாது. அவன் குடைந்த சிவன் கோயில் இருக்கும் அதே குன்றில், அவனுக்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு சமணர்கள் வந்து தங்கள் தெய்வங்களைச் செதுக்கிக்கொண்டார்கள். யாரும் யார் உருவத்தையும் உடைக்கவில்லை. இரண்டும் இன்றுவரை அங்கேயே இருக்கின்றன. இரண்டு சமயங்களும் எப்போதும் மோதிக்கொண்டே இருந்தன என்று நூலில் மட்டும் படித்தவருக்கு இந்தக் குன்று ஒரு நல்ல பதில்.

*

இதையெல்லாம் வைத்து, வெளியாருக்கு எதுவும் புரியாது, உள்ளூர்க்காரருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல நான் வரவில்லை. அது நியாயமும் இல்லை. பல்லவர் குடைவரைகளை வெளியே கொண்டுவந்தவர்களில் முன்னால் நிற்பவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேல். செஞ்சியின் பழங்கதைகளில் பல இன்று நம் கையில் இருப்பதற்கு, ஆங்கில அதிகாரிகளின் தூண்டுதலில் 1803 வாக்கில் நாராயணப் பிள்ளை எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' காரணம். கோட்டைக்கு முதல் கல் வைத்தவர்கள் ஆனந்தக் கோன் வழிவந்த ஆயர்கள் என்ற வழக்கை அந்த நூல்தான் காத்துத் தந்தது. மராட்டியரின் கோட்டை, நவாபின் கோட்டை, பிரெஞ்சுக் கோட்டை என்று எத்தனையோ பெயர் சொல்லும் வழிகாட்டிகள், ஆடு மேய்த்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை. சமணமும் பௌத்தமும் ஒன்றுதான், சமணம் பௌத்தத்தின் கிளை என்று ஐரோப்பா வெகுகாலம் நம்பியது. 1879இல் கல்பசூத்திரத்தைப் பதிப்பித்தபோது அதைச் சான்றுகளோடு மறுத்தவரும் ஹெர்மன் யாக்கோபி என்ற ஜெர்மானியரே.

உள்ளூரில் பிறந்தவர் எப்படிக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு உ.வே. சாமிநாதையரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டபிறகு அவர் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த அவருக்கே நூலின் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் சமணர்கள் வாழும் தெருவைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் சிந்தாமணியை முறையாகப் படித்து முடித்ததற்காக விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தான் உலகத்தில் எங்கோ புதைந்திருக்கிறது என்று எண்ணிய நூல், பக்கத்துத் தெருவில் பக்தியோடு ஓதப்பட்டுவந்ததை அவர் அன்று அறிந்தார். சந்திரநாத செட்டியாரிடம் பாடம் கேட்டார். சந்தேகங்களுக்கு விடை கிடைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. சைவ வீட்டில் பிறந்த ஒரு பிராமணர், நாளும் ஓதிவந்தவர்கள் முன்னால் மாணவராக உட்கார்ந்ததால் நமக்குக் கிடைத்த நூல் அது.

வால்டேருக்கும் சாமிநாதையருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். முன்னவர் தனக்கு வேண்டியதைச் சொன்ன பிரதியைக் கையில் எடுத்தவுடன் நிறைவடைந்தார். பின்னவர் பிரதி கையில் இருந்தும் நிறைவடையாமல், அதை வாழ்க்கையில் வைத்திருப்பவர்கள் யார் என்று தேடிப் போனார். ஒருவர் வெளியாரா உள்ளூராரா என்பதைப் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. தெரிந்துகொண்டதற்குப் பிறகும் கேட்கிறாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் செஞ்சியைப் பொறுத்தவரை தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோர் இன்னும் வெளியார்தான்.

யுனெஸ்கோ அங்கீகாரத்தை நான் மனமார வரவேற்கிறேன். மராட்டியர் இங்கே இருந்த இருபத்தோரு ஆண்டுகள் பெரிய ஆண்டுகள்தான். ஆனால் அந்த அங்கீகாரத்தால் இனி செஞ்சிக்குக் கூட்டம் வரும். வருகிறவர்களுக்கு எதைக் காட்டப்போகிறோம் என்று இப்போதே யோசிக்க வேண்டும். ராஜகிரியின் அடிவாரத்தில் வைக்கும் பலகையில் ஆனந்தக் கோனுக்கு ஒரு வரி வேண்டும். திருநாதர்குன்றுக்கும் மேல்சித்தாமூருக்கும் சிங்கவரத்துக்கும் சீயமங்கலத்துக்கும் வழி காட்டும் பலகை கோட்டை வாசலிலேயே இருக்க வேண்டும். பாறைகளைக் கல்லுடைப்பிலிருந்தும் பெயர் கிறுக்குபவர்களிடமிருந்தும் காப்பது அரசின் வேலை மட்டுமல்ல. தமிழ்ச் சமணர்கள் 'அகிம்சை நடை' என்ற பெயரில் இந்த மலைகளுக்கு ஊர் ஊராகப் போய் மக்களிடம் அவற்றின் அருமையைச் சொல்லிவருகிறார்கள். அவர்களோடு மற்றவர்களும் நடக்கலாம். பாடநூல் எழுதுபவர்கள் ஒரே ஒரு வினைச்சொல்லை இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாற்றினால் போதும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை செஞ்சிக்குப் போனால் கோட்டையை ஏறிப் பாருங்கள், தேசிங்கின் கதையைக் கேளுங்கள், பிறகு அரை நாளை மிச்சம் வைத்துச் சீயமங்கலத்துக்கும் மேல்சித்தாமூருக்கும் போங்கள். அங்கே ஒரு நயினாரைச் சந்தித்தால், எப்போது வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அவர் வரவில்லை, இருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது, நாம் இவ்வளவு காலம் கேட்காமல் விட்டது எதை என்பதுதான்.